வாயில்லா உயிர்களுக்கு ஒரு மருத்துவர்: ஹியூ லாஃப்டிங் வாழ்வும் படைப்பும்

படைப்பின் பெயர் நிலைத்து, படைத்தவரின் பெயர் மறைந்துபோவது இலக்கிய உலகில் புதுமையன்று. கதைமாந்தர் நாடுதோறும் உலவுவர். அவருக்கு உயிர் கொடுத்தவரோ நூலின் அட்டையில் சிறிய எழுத்தில் ஒதுங்கி நிற்பார். விலங்குகளின் மொழியறிந்த மருத்துவரான டாக்டர் டூலிட்டிலைத் திரைப்படங்களின் வாயிலாக அறிந்தோர் பலர். 1967, 1998, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த படங்கள் அப்பெயரை உலகெங்கும் கொண்டு சேர்த்தன. ஆயினும் அம்மருத்துவரை எழுத்தாலும் கோட்டோவியத்தாலும் படைத்த ஹியூ லாஃப்டிங் என்னும் ஆங்கிலேயரை அறிந்தோர் மிகச் சிலரே.

இக்கட்டுரையில் அவர்தம் வாழ்வை நாம் சுருங்கக் காண முற்படுகின்றோம். அவர் உள்ளத்தில் சுரந்த இரக்கம் எங்கே பிறந்தது, எதுவரை சென்றது, எவ்விடத்தில் தடைப்பட்டது என்னும் மூன்று வினாக்களே நமக்கு வழிகாட்டிகள். குழந்தைகளுக்கு நூல் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு நம்மில் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆதலின் மூன்றாவது வினாவினின்றும் நாம் ஒதுங்கிச் செல்லுதல் ஆகாது.

பிறப்பும் இளமையும்

ஹியூ லாஃப்டிங் 1886ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் மாவட்டத்தில், தேம்ஸ் ஆற்றங்கரை ஊராகிய மெய்டன்ஹெட்டில் பிறந்தார். தந்தை வழியில் ஆங்கிலக் குருதியும் தாய் வழியில் ஐரிஷ் குருதியும் அவரிடத்தில் கலந்திருந்தன. சிறு பிள்ளையாக இருந்தபோதே உயிரினங்கள்பால் அவருக்கு அளவிறந்த ஈடுபாடு இருந்தது. அன்னையார் துணிமணிகள் வைக்கும் அலமாரியினுள்ளே சிறியதொரு விலங்குக் காட்சிச் சாலையையும் இயற்கைப் பொருட்காட்சியையும் ஒருங்கே அமைத்து வைத்திருந்தார் என்பர். இதனை அன்னையார் கண்டுபிடித்த நாளில் அவ்வில்லத்தில் எழுந்த ஆரவாரத்தை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

எட்டு வயதிலேயே வீட்டைப் பிரிந்து, டெர்பிஷயரில் இயேசு சபையார் நடத்திய விடுதிப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். இளமையில் வீட்டை விட்டுப் பிரிந்து வாழ நேர்ந்தவர், பின்னாளில் விலங்குகள் நிறைந்த அன்பு மயமான ஒரு வீட்டைக் கதையிலே கட்டியெழுப்பியது நம் சிந்தனைக்குரியது.

பொறியாளராக உலகம் சுற்றியவர்

எழுத்தாளராக வேண்டும் என்னும் எண்ணத்தோடு அவர் கல்வி கற்கவில்லை. 1904ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்றார். பின்னர்த் தாய்நாடு திரும்பி இலண்டன் பாலிடெக்னிக்கில் அக்கல்வியைத் தொடர்ந்தார். கற்ற தொழில் அவரைப் பல நாடுகளுக்கும் அழைத்துச் சென்றது. கனடாவில் கனிமம் தேடுவோராகவும் நில அளவையாளராகவும் பணியாற்றினார். மேற்கு ஆப்பிரிக்காவில் லாகோஸ் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டார். அதன்பின் கியூபா நாட்டின் ஹவானாவிலும் இருப்புப்பாதைப் பணியே வாய்த்தது.

ஆயினும் அளவுகோலும் வரைபடமும் அவர் உள்ளத்திற்கு நிறைவு தரவில்லை. 1912ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் குடியேறி, ஃப்ளோரா என்னும் மங்கையை மணந்து, இதழ்களுக்குக் கட்டுரைகளும் சிறுகதைகளும் எழுதலானார். எலிசபெத் என்னும் மகளும் காலின் என்னும் மகனும் பிறந்தனர். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது.

போர்க்களமும் குதிரைகளும்

1916ஆம் ஆண்டில் லாஃப்டிங் பிரித்தானியப் படையில் ஐரிஷ் காவற்படைப் பிரிவில் சேர்ந்தார். லெப்டினன்ட் பொறுப்பில் ஃப்ளாண்டர்ஸ் போர்முனைக்குச் சென்றார். சேறும் குருதியும் கலந்த பதுங்குகுழிகளில் மனித உயிர்கள் மலிவாகப் போயின. அங்கே மனிதரோடு மற்றோர் இனமும் மாண்டது. பீரங்கி வண்டிகளை இழுக்கவும் உணவும் வெடிபொருளும் சுமக்கவும் இலட்சக்கணக்கான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அப்போரில் ஈடுபடுத்தப்பட்டன. யாருடைய நாடு, யாருடைய கொடி என்பதை அறியாமலே அவை குண்டுமழையினூடே நடந்தன.

காயமுற்ற வீரனுக்கு மருத்துவர் உண்டு, தாதியர் உண்டு, அறுவை மருத்துவம் உண்டு. படையில் கால்நடை மருத்துவப் பிரிவு ஒன்று இருந்ததும், அது பல விலங்குகளைக் காத்ததும் உண்மையே. எனினும் களத்தில் படுகாயமுற்று வீழ்ந்த குதிரைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு துப்பாக்கிக் குண்டுதான். இது லாஃப்டிங்கின் நெஞ்சை உறுத்தியது. மனிதருக்கு நேரும் அதே இடரை விலங்கும் ஏற்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தும்போது, மனிதருக்குக் கிட்டும் அதே பரிவை அதற்கு ஏன் மறுக்கிறோம் என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். அவ்வாறு பரிவு காட்டுவதாயின் அதன் நோவு எங்கே என்று அறிதல் வேண்டும். அறிவதற்கு அதன் மொழி தெரிதல் வேண்டும். இந்த எண்ணமே வித்தாகியது.

வீட்டிலிருந்த குழந்தைகளோ தந்தையிடமிருந்து படம் போட்ட மடல்கள் வேண்டுமென்று கேட்டனர். போர்முனையில் நிகழ்ந்தவை குழந்தைகளுக்குச் சொல்லத் தகாத கொடுமைகள். அல்லாதவை சொல்லச் சுவையற்ற வெறுமைகள். எழுதினாலும் படைத்துறையின் தணிக்கையைத் தாண்டிச் செல்ல வேண்டும். பொய் கூறவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, மனிதரைவிட விலங்குகளை மிகுதியாக நேசித்த ஒரு நாட்டுப்புற மருத்துவரின் கதையைப் படங்களோடு தவணை தவணையாக எழுதி அனுப்பினார். மரணத்தின் வாயிலில் அமர்ந்திருந்த ஒரு தந்தை தம் மக்களுக்கு அனுப்பிய அன்பின் அடையாளங்கள் அம்மடல்கள்.

மடல்கள் நூலான வரலாறு

லாஃப்டிங் போரில் படுகாயமுற்றார். படைப்பணியினின்று விடுபட்டபின் 1919ஆம் ஆண்டில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மகன் காலினுக்கு அக்கதையில் இருந்த பற்று, தன்னையே டூலிட்டில் என்று அழைக்கச் சொல்லும் அளவுக்கு முற்றியிருந்தது. அக்கப்பலில் உடன் பயணம் செய்த ஆங்கிலக் கவிஞர் சிசில் ராபர்ட்ஸ் கையெழுத்துப் படியைப் படித்து மகிழ்ந்து, நியூயார்க்கின் ஸ்டோக்ஸ் பதிப்பகத்தாரிடம் அதனைக் கொடுக்குமாறு வழிகாட்டினார். 1920ஆம் ஆண்டில் முதல் நூல் வெளிவந்தது. பின்னர் இலண்டனில் ஜோனதன் கேப் பதிப்பகத்தார் வெளியிட்டனர்.

1922ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் நூல், டூலிட்டிலின் கடற்பயணங்களைக் கூறுவது. அமெரிக்க நூலகச் சங்கம் சிறந்த குழந்தை நூலுக்கு வழங்கும் நியூபெரி பதக்கம் 1923ஆம் ஆண்டில் இந்நூலுக்குக் கிடைத்தது. அப்பதக்கம் நிறுவப்பெற்றபின் அதனைப் பெற்ற இரண்டாவது நூல் இதுவே. தொடர்ந்து 1927ஆம் ஆண்டு வரை அஞ்சல் நிலையம், சர்க்கஸ், விலங்குக் காட்சிச் சாலை, பயண வண்டி, தோட்டம் என்று ஆண்டுக்கொரு நூலாகத் தொடர் வளர்ந்தது.

டூலிட்டிலின் மருத்துவம்

டூலிட்டில் என்னும் ஆங்கிலப் பெயருக்குச் சிறிதே செய்பவர் என்று பொருள் கொள்ளலாம். பெயர்தான் அவ்வாறு, செயல் அவ்வாறன்று. பட்லெபி என்னும் சிற்றூரில் மனிதருக்கு மருத்துவம் பார்த்துவந்த அவருடைய இல்லம் முழுவதும் விலங்குகள். முடக்குவாத நோயாளியான மூதாட்டி ஒருவர் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த முள்ளெலியின்மீது அமர்ந்துவிட்டார். அன்றோடு அவர் வருகை நின்றது. ஏனையோரும் ஒவ்வொருவராக நின்றுபோயினர். வருவாய் இழந்து வறுமையுற்ற மருத்துவருக்குப் பாலினீசியா என்னும் முதிய கிளி விலங்குகளின் மொழியைக் கற்றுக்கொடுக்கிறது. விலங்குகள் வாயால் மட்டும் பேசுவதில்லை. காதாலும் மூக்காலும் வாலாலும் பேசுகின்றன என்பதே முதற்பாடம்.

ஏர் உழும் குதிரை ஒன்று அவரிடம் வருகிறது. அயலூர்க் கால்நடை மருத்துவர் ஆறு வாரங்களாக அதன் காலுக்கு மருந்திட்டு வந்தார். குதிரைக்கோ காலில் நோயில்லை. ஒரு கண்ணில் பார்வை மங்கி வருகிறது. அதற்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி. கேட்கும் செவி இல்லாததால் இத்தனை நாள் தவறான மருத்துவம் நடந்தது. டூலிட்டில் அதற்குப் பச்சைக் கண்ணாடி செய்து கொடுக்கிறார். படிக்கும் குழந்தை சிரிக்கின்றது. போர்முனையில் சுடப்பட்ட குதிரைகளை எண்ணிப் பார்க்கும் நமக்கோ அச்சிரிப்பினூடே ஒரு வேதனை தெரிகின்றது. அங்கே சொல்ல முடியாமல் மாண்டவற்றுக்கு இங்கே பேச வாய் கிடைத்தது.

லாஃப்டிங் காட்டும் இரக்கத்தின் தனித்தன்மை இதுவே. நாய்க்கு எது நல்லது, குதிரைக்கு எது நல்லது என்று டூலிட்டில் தாமே முடிவு செய்வதில்லை, முதலில் கேட்கிறார். அவர் அமைக்கும் விலங்குக் காட்சிச் சாலையில் பூட்டுகள் உட்புறமாகவே உள்ளன; வெளியே செல்வதும் உள்ளே இருப்பதும் விலங்கின் விருப்பம். குலப்பெருமையற்ற கலப்பின நாய்களுக்கென்றே அங்கு ஓர் இல்லம் உண்டு. காளைச் சண்டை நடைபெறும் ஒரு தீவில் காளைகளோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு பந்தயத்தில் வென்று, அவ்வழக்கத்தையே ஒழிக்கிறார்.

எழுத்தாளரே ஓவியர்

இந்நூல்களின் படங்களையும் அவரே வரைந்தார். பேனாவும் கறுப்பு மையும் கொண்டு வரைந்த எளிய கோட்டோவியங்கள் அவை. குள்ளமும் பருமனும் உருண்ட மூக்கும் உயர்ந்த தொப்பியும் கொண்ட மருத்துவர் ஒருமுறை பார்த்தவர் நெஞ்சில் நிலைத்துவிடுகிறார். விரிந்த வானமும் நெடிய பாய்மரமும் நிற்க, மூலையில் மருத்துவர் சிறியதோர் உருவமாக நிற்கும் படங்களில் தனியழகு உண்டு. வரைபடம் தீட்டிப் பழகிய பொறியாளரின் சிக்கனம் அக்கோடுகளில் விளங்குகிறது. தந்தை குழந்தைக்குக் கடிதத்தின் ஓரத்தில் வரைந்து காட்டும் இயல்பு, நூலாக அச்சேறிய பின்னும் அவற்றை விட்டு நீங்கவில்லை.

போரை வெறுத்தவர்

விருதும் புகழும் பெற்ற பின்னும் போர்க்களம் அவர் நினைவினின்று அகலவில்லை. 1920களில் எழுதிய கட்டுரைகளில், போரை வீர விளையாட்டாகக் காட்டும் குழந்தை நூல்களை அவர் வன்மையாகக் கண்டித்தார். பாய்ந்து வரும் குதிரையும் பறக்கும் கொடியும் மின்னும் வாளுமாகப் போரைச் சித்திரித்துக் காட்டினால், அதனைப் படித்து வளரும் தலைமுறை அடுத்த போருக்கு ஆயத்தமாகும் என்பது அவர் கருத்து. பல நாட்டு மக்களும் ஒருவரையொருவர் மதிக்கும் பண்பைக் குழந்தைப் பருவத்திலேயே ஊட்ட வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

1942ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின் நடுவில், போரை எதிர்க்கும் நெடும் பாடல் ஒன்றை இலண்டனில் வெளியிட்டார். பெரியவர்களுக்கென அவர் எழுதிய ஒரே நூல் அது. போரில் வெற்றி பெறுவோர் எவருமிலர். மாண்டவர்க்கே வெற்றி என்னும் துயரக் கருத்தை அதன் பெயரே உணர்த்தும். போர்க்காலத்தில் அத்தகைய குரலை எழுப்புவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

இரக்கத்தின் எல்லை

இதுகாறும் கூறியவை புகழுரைகள். இனிக் கூறப்போவது நமக்கு மகிழ்ச்சி தருவதன்று. எனினும் கூறாமல் விடுவது நேர்மையாகாது.

முதல் நூலில் ஆப்பிரிக்க இளவரசன் ஒருவன் வருகிறான். பம்போ என்பது அவன் பெயர். தன் கறுத்த முகம் வெள்ளையாக வேண்டுமென்று அவன் ஏங்குகிறான். மருத்துவரும் மருந்துக் கலவையால் அம்முகத்தை வெளுக்கச் செய்து, அதற்குக் கைம்மாறாகச் சிறையினின்று தப்புகிறார். கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் சொற்களும் எள்ளி நகையாடும் படங்களும் அந்நூல்களில் இடம்பெற்றன. உலக நட்பைப் பேசிய அதே பேனாவினின்றும் இவை பிறந்தன என்பது நம்மைத் திகைக்க வைக்கின்றது. லாஃப்டிங் ஆப்பிரிக்க மண்ணை அறியாதவரும் அல்லர்; லாகோஸில் பணியாற்றியவர்.

அவர் முற்றிலும் கண்மூடியவராகவும் இல்லை. அதே நூலில் ஆப்பிரிக்க அரசன் ஒருவன், வெள்ளையன் ஒருவன் வந்து பொன்னைத் தோண்டி எடுத்து, தந்தத்துக்காக யானைகளைக் கொன்று, நன்றியும் கூறாமல் கப்பலேறிச் சென்றதை எடுத்துரைத்து, இனி எந்த வெள்ளையனுக்கும் தன் நாட்டில் வழியில்லை என்கிறான். கொள்ளையை லாஃப்டிங் கண்டிருக்கிறார். கொள்ளை கொடுத்தவனின் மாண்பைக் காணத்தான் அவர் கண் தவறியது. குதிரையின் மொழியைக் கேட்கத் துடித்த செவி, லாகோஸ் மனிதனின் மொழியைக் கேட்கத் தவறியது.

நம் சங்க இலக்கியம் பயின்ற மாணவர்க்கு இம்முரண் புதிதன்று. குளிரால் நடுங்கும் என்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் புலவர்கள் போற்றினர். அவனே மனைவியாகிய கண்ணகியைத் துறந்து வாழ்ந்தபோது, மயிலுக்கு இரங்கிய நெஞ்சம் இவளுக்கு இரங்காததேன் என்று அதே புலவர்கள் இடித்துரைத்தனர். அவர்கள் போர்வையின் சிறப்பையும் மறைக்கவில்லை, குறையையும் மறைக்கவில்லை. லாஃப்டிங்கை மதிப்பிடுவதற்கும் அதுவே தக்க அளவுகோல் என்று கருதுகின்றோம்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்நூல்களுக்கு எதிரான திறனாய்வுகள் எழுந்தன. நூலகங்களினின்று அவை மெல்ல மெல்ல மறைந்தன, மறுபதிப்பும் அருகிற்று. 1988ஆம் ஆண்டில், இழிவான பகுதிகளும் படங்களும் நீக்கப்பெற்றும் மாற்றப்பெற்றும் புதிய பதிப்பு வெளிவந்தது. லாஃப்டிங்கின் இளைய மகன் கிறிஸ்டஃபர் இதற்கு இசைந்து விளக்கமும் எழுதினார். தம் எழுத்து பிறர் மனத்தைப் புண்படுத்தும் என்று அறிந்திருந்தால் தந்தையாரே முதலில் திருத்த முன்வந்திருப்பார் என்பது அவர்தம் துணிபு. 1998ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் டூலிட்டிலாக நடித்தவர் ஆப்பிரிக்க அமெரிக்க நடிகரான எடி மர்ஃபி என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பம்போவின் முகத்தை வெளுக்கச் செய்த மருத்துவரின் வேடத்தைக் காலம் ஒரு கறுப்பினக் கலைஞரின் கையில் ஒப்படைத்தது.

இறுதிக் காலம்

லாஃப்டிங்கின் இல்வாழ்வில் துயரங்கள் தொடர்ந்தன. 1927ஆம் ஆண்டில் மனைவி ஃப்ளோரா மறைந்தார். மறு ஆண்டில் மீண்டும் மணம் புரிந்தார். அவ்வம்மையாரும் விரைவிலேயே காலமானார். அந்த 1928ஆம் ஆண்டில்தான் டூலிட்டிலை அவர் நிலவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே செடிகொடிகளும் உயிரினங்களும் தமக்குள் போரின்றி ஓரவையாகக் கூடி வாழ்கின்றன. மண்ணுலகில் காணக் கிடைக்காத அமைதியை அவர் விண்ணில் தேடினார் போலும். மருத்துவர் திரும்பிவந்த கதை வெளியாவதற்கு ஐந்து ஆண்டுகள் சென்றன.

1935ஆம் ஆண்டில் ஜோசஃபின் என்னும் அம்மையாரை மணந்து கலிஃபோர்னியாவில் குடியேறினார். அங்கே பிறந்தவரே கிறிஸ்டஃபர். உடல்நலம் குன்றிய நிலையிலும் இறுதி நூலைச் சிறிது சிறிதாக எழுதி வந்தார். நூஹ் நபியின் காலத்துப் பெருவெள்ளத்தை நேரிற் கண்டதாகக் கூறும் ஒரு முதிய ஆமையின் கதை அது. அது அச்சேறக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் தம் 61ஆம் வயதில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டில் நூல் வெளிவந்தது.

நிறைவாக

பதுங்குகுழியில் பிறந்த இரக்கம் ஒரு தந்தையின் மடலாகி, மடல் நூலாகி, நூல் உலகக் குழந்தைகளின் உடைமையாகியது. அவ்விரக்கம் குதிரையையும் நாயையும் காளையையும் தழுவியது. மனிதகுலத்தின் ஒரு பகுதியிடம் வந்தபோது தயங்கி நின்றது. நிறை கருதிக் குறையை மறைப்பதும், குறை கருதி நிறையைத் தூக்கி எறிவதும் கற்றோர்க்கு அழகல்ல. திருந்திய பதிப்பைக் குழந்தையின் கையில் கொடுப்போம். அது திருத்தப்பட்ட வரலாற்றை அக்குழந்தை வளர்ந்தபின் மறவாமல் எடுத்துரைப்போம்.

நோயுற்றவரிடம் நோய் எங்கே என்று கேட்டபின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது பாலினீசியா கிளியிடம் டூலிட்டில் கற்ற பாடத்தின் சாரம். அப்பாடத்தை எழுதியவரே முழுமையாகக் கற்று முடிக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கற்பது, வகுப்பறையில் நாளை ஆசிரியராக நிற்கப்போகும் நம் மாணவச் செல்வங்களின் கடமையாகும்.